மகன் ஓட்டிய ஸ்கூட்டர், அப்பா மீது வழக்கு

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. என் பெயரில் உள்ள 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டரில்தான் டியூஷனுக்குப் போய் வருவான். போன வாரம் அவன் திரும்பும்போது என் மனைவி ‘எங்க இருக்க?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். இவன் ஓட்டிக்கொண்டே ‘வந்துட்டே இருக்கேன்’ என்று டைப் செய்திருக்கிறான். அந்த நேரத்தில் சாலையைக் கடந்த பெரியவர் மீது வண்டி மோதி, அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ‘வண்டியை நீதான் ஓட்டினாய் என்று சொல்லிவிடு, மெசேஜை அழித்துவிடு’ என்கிறார்கள் உறவினர்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: உறவினர்கள் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். இப்போது உங்கள் முன் இருப்பது விபத்து வழக்கு மட்டும்தான். பொய்த் தகவல் கொடுத்தாலோ தடயத்தை அழித்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின்படி (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) அது தனிக் குற்றம். அடிபட்டவர் உங்கள் மகனை நேரில் பார்த்திருக்கிறார். மெசேஜை உங்கள் வீட்டுப் போன்களில் அழித்தாலும், அழித்த சுவடு இருக்கும். அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் நிலைமை. 16 வயதில் உரிமம் கிடைக்கும் என்பதும், கியர் இல்லாத வண்டி என்றால் பரவாயில்லை என்பதும் பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு 16 வயதில் அனுமதிப்பது 50 சிசி வரையிலான வண்டியை மட்டுமே. உங்கள் வண்டி 110 சிசி, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உங்களுக்குப் பெரிய சிக்கல் அதே சட்டத்தின் 199ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது இது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ (பெற்றோர்) வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது, பழகுநர் உரிமமும்கூட. விபத்து நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. நாளைக்கே அவனுக்கு 18 நிரம்பினாலும் இது மாறாது.

தப்பிக்க ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டீர்கள் என்றோ நிரூபித்தால் உங்கள் மீது குற்றம் நிற்காது. ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் அவன் ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்க வேண்டியது நீங்கள். சாவியைப் பூட்டி வைத்திருந்தேன், அவன் தெரியாமல் எடுத்துவிட்டான் என்பவர்களுக்கு இந்த வாதம் உதவும். நீங்களோ அந்த வண்டியில்தான் போய் வருவான் என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, ‘எங்க இருக்க?’ என்ற கேள்வியே அவன் வண்டியில் வெளியே இருந்தது வீட்டுக்குத் தெரியும் என்று காட்டிவிடும். அந்த மெசேஜை அழிக்கும் ஆசை உங்கள் உறவினர்களுக்கு வந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மெசேஜ் அனுப்பியதற்காக உங்கள் மனைவி மீது வழக்கு வருமா? நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2013-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டுகிறவர் உடனே எடுத்துப் பார்ப்பார் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்புகிறவருக்கும் பொறுப்பு வரலாம் என்றது. இங்கே அதைக் காட்டி யாரும் உங்கள் மனைவியைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் பெற்றோர் என்ற முறையில் 199ஏ அவருக்கும் பொருந்தலாம்.

மகன் விஷயத்துக்கு வருவோம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். ‘ஒரு நொடிதான் பார்த்தேன்’ என்பது எடுபடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். இரண்டு வார்த்தை டைப் செய்ய 3 நொடி ஆனால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறான். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் என்பதால், அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவும் சேரும்.

ஆனாலும் அவன் வயதுவந்தவர்களுக்கான நீதிமன்றத்துக்குப் போகமாட்டான். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி சிறார் நீதி வாரியம்தான் விசாரிக்கும். அவன் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. இது பிற்காலத்தில் அவன் வேலைக்குத் தகுதிக்குறைவாக நிற்காமல் இருக்கவும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கவுன்சலிங், சமூக சேவை போன்ற உத்தரவுகள் வரலாம். ஒழுங்காக ஆஜராகட்டும், கேட்டதற்கு உண்மையைச் சொல்லட்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெரியவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால், உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று கம்பெனி மறுக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புக்குப் பின், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். பெரியவருக்கு இது நல்லது. பணம் கடைசியில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அவருடைய மருத்துவச் செலவை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். அது மனிதத்தன்மையும்கூட. ஸ்டாம்ப் பேப்பரில் சமரசம் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் மன்னித்தாலும் 199ஏ வழக்கு அதனால் போகாது.

காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கறிஞரோடு போங்கள். வண்டி யாருடையது, ஓட்டியது யார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். போனைக் கேட்டால் அப்படியே கொடுத்துவிட்டு, பறிமுதல் மகஜரின் (போலீஸ் எதை எடுத்தார்கள் என்று எழுதும் பதிவு) நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.