சமையலறைக்குள் குரங்கு: சிறுத்தை பொம்மை வைத்தால் போகுமா?

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் லைன் வீடு. தினமும் குரங்குகள் உள்ளே புகுந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன. சிறுத்தை பொம்மை வை என்கிறார்கள் சிலர், பிடித்து முதுமலையில் விடு என்கிறார்கள் சிலர். இதில் ஒரு குரங்கு என் 7 வயது மகனைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்க, அவனும் சிரிக்கிறான். என்ன செய்வது?

பதில்: மகன் விஷயம்தான் முதலில். அது சிரிப்பே இல்லை. உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் குரங்கு பயந்திருக்கிறது. புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்து முறைத்தால் மிரட்டுகிறது. கண்ணுக்கு நேராகப் பார்ப்பதையும் அது சண்டைக்கு இழுப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் பையன் பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஓடாமல் மெதுவாகப் பின்வாங்கட்டும். குரங்கு வீட்டுக்குள் இருந்தால் வெளியேற வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். போக்கிடம் இல்லாத குரங்குதான் கடிக்கும்.

பொம்மை யோசனைக்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது. ரிச்சர்ட் காஸும் உமா ராமகிருஷ்ணனும் தென்னிந்தியக் காடுகளில் நம் நாட்டுக் குரங்குகளுக்குச் சிறுத்தை உருவங்களைக் காட்டிப் பார்த்தார்கள். புள்ளித் தோலைக் கண்டதும் அவை குரல் கொடுத்து ஓட்டம் பிடித்தன, கருஞ்சிறுத்தை உருவத்துக்கு அவ்வளவு வேகம் காட்டவில்லை. ஆனால் அங்கே உருவத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். உங்கள் வாசலில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும் பொம்மை பொய் என்று குரங்குகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். காசை அதில் போடாதீர்கள்.

பிடித்து விடுவது கூடவே கூடாது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம், அது ஒருபக்கம் இருக்கட்டும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பவை, வளர்ந்த ஆண்கள்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். அப்படிப்பட்ட குடும்பத்தைப் பிய்த்துத் தெரியாத காட்டில் விட்டால் அது பக்கத்து ஊருக்குள் இறங்கும், இங்கே சாப்பாடு கிடைக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும்.

ஆக, சாப்பாடுதான் எல்லாம். நாட்டுக் குரங்குக்குக் கன்னத்துக்குள் பை உண்டு, எடுத்ததை நொடியில் அதில் அடக்கிக்கொண்டு ஓடி மரத்தில் உட்கார்ந்து நிதானமாக மெல்லும், அதனால் "ஒரு நிமிஷம்தானே" என்று திறந்து வைக்கும் கதவே அதற்குப் போதும். பந்திப்பூர் குரங்குகள் மனிதரிடம் குரல் கொடுத்து, கை நீட்டிச் சாப்பாடு கேட்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நம்மை அவ்வளவு கூர்ந்து படிக்கிற உயிர் அது! ஜன்னலுக்குக் கம்பிவலை, குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி, பழத்துக்கு அலமாரி, முற்றிய ப்ளம்ஸையும் பேரிக்காயையும் உடனே பறிப்பது, இதெல்லாம் லைன் முழுக்க நடக்க வேண்டும், ஒரு வீட்டில் எப்போதாவது பிஸ்கட் கிடைத்தால்கூட அந்த நம்பிக்கையிலேயே அவை திரும்பத் திரும்ப வரும். முதல் சில வாரம் இன்னும் மூர்க்கமாகத் தேடலாம், சரி, நடுவில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.