நர்ஸ் பிராக்டிஷனர் ஆக டாக்டரேட் வேண்டுமா?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து நான்கு வருடமாக ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் உயர்நிலை நர்ஸ்) ஆக டி.என்.பி. (நடைமுறை நர்சிங் டாக்டரேட்) பட்டம் கட்டாயமா? இங்கிருந்து நேராகச் சேர முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கட்டாயமில்லை. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் 2004-லேயே ‘2015-க்குள் உயர்நிலை நர்சிங் படிப்பெல்லாம் டாக்டரேட் ஆகட்டும்’ என்றது. கெடு போய்விட்டது, எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலை) வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. மயக்க மருந்து நர்ஸ் ஆவதென்றால்தான் கதை வேறு: 2022 ஜனவரிக்குப் பிறகு சேர்கிறவர்கள் டாக்டரேட் படிப்பில்தான் சேர வேண்டும். ஐ.சி.யு. அனுபவம் கேட்கும் துறை அது, அதையும் யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலில் கேட்பது அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். ஆகவே சான்றிதழ் மதிப்பீடு, என்கிளெக்ஸ் என்னும் நர்ஸ் லைசென்ஸ் தேர்வு, லைசென்ஸ், அதன்பிறகே அட்மிஷன். மதிப்பீட்டில் இழுத்தடிப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். மதிப்பெண் விவரம் கல்லூரியிலிருந்தும், பதிவுச் சான்று நர்சிங் கவுன்சிலிலிருந்தும் நேராகப் போக வேண்டும். நீங்கள் அனுப்பும் நகல் செல்லாது. அடுத்தது நம் இனிஷியல்! பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் இரண்டு பேராகிவிடுவீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: எம்.எஸ்.என். முடித்த நர்ஸ் பிராக்டிஷனர் நான். டி.என்.பி.க்கு ஆயிரம் மணி நேரம் என்கிறார்களே, மறுபடி முதலிலிருந்தா? (வாசகர், டெக்சஸ்)

பதில்: இல்லை. பி.எஸ்.என்.னுக்கு (நர்சிங் இளங்கலை) பிறகு படிப்பில் செய்த பயிற்சி நேரம் எல்லாம் சேர்த்துத்தான் 1000. எம்.எஸ்.என்.னில் 600 மணி முடித்திருந்தால் மீதி 400. ஆனால் அந்த 600-ஐப் பழைய பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். வேலையில் பார்த்த ஷிப்டுகள் இந்தக் கணக்கில் வராது. சேரும் முன்பே கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் கழித்துக் கேட்டால் பதிவைத் தேடுவதற்கே ஒரு செமஸ்டர் போகும்.

கேள்வி: நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை வேலையை விடாமல் ஆன்லைனில் படிக்கலாமா? (வாசகி, நியூஜெர்சி)

பதில்: பாடம் ஆன்லைன், பயிற்சி நேரில். நோயாளியை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி குறைந்தது 750 மணி என்கிறது 2022-இல் வந்த தர விதி. வாரம் 16 மணி வைத்தாலும் 47 வாரம் ஆகும். அதில் உங்களுக்கு மேற்பார்வை செய்யும் பிரிசெப்டரைக் கல்லூரி தேடித் தருமா, நீங்களே தேட வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆள் கிடைக்காவிட்டால் படிப்பு நிற்கும், கட்டணம் நிற்காது. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் பயிற்சி நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிஎச்.டி.யும் டி.என்.பி.யும் ஒன்றா? (வாசகர், கோவை)

பதில்: வேறு வேறு. பிஎச்.டி. புதிய ஆய்வுக்கு, முடிவில் ஆய்வேடு. டி.என்.பி.யில் ஒரு வார்டிலோ கிளினிக்கிலோ நடைமுறையை மாற்றி, பலனை அளந்து காட்டும் புராஜெக்ட். தலைப்பைச் சின்னதாக வையுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வரவே சில மாதம் பிடிக்கலாம்.