கென்யாவில் குடியேறிக் குடியுரிமை வாங்குவதில் உள்ள சிக்கல்கள் என்ன?

கேள்வி கேட்டவருக்கு ஆப்பிரிக்காவில் வேலை வந்திருக்கிறது. மனைவி, சின்னக் குழந்தையோடு குடிபெயர நினைக்கிறார். “ஏழு வருடம் இருந்தால் குடியுரிமை கிடைத்துவிடுமாமே, உண்மையா? என்ன சிரமம் இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார்.

ஆப்பிரிக்கா என்பது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. நான் திருப்பூரில் பின்னலாடை வேலை கற்றுக்கொண்டு, நைரோபியை ஒட்டிய ஆதி ரிவர் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு உற்பத்தி மேலாளராக வந்தவன். குடும்பம் இங்கேதான். நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். அதனால் கென்யாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழு வருடக் கணக்கு. கென்யாவின் 2010 அரசியலமைப்பு, 15ஆவது பிரிவில் அதைச் சொல்கிறது. சட்டப்படி தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வசித்தவர் குடிமகனாகப் பதிவு செய்யக் கோரி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்பதோடு சரி, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. கென்யக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து ஏழு ஆண்டு ஆனவர்களுக்குத்தான் அது உரிமையாகவே வருகிறது. வேலைக்கு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அரசு பார்த்துக் கொடுப்பதுதான்.

2011 குடியுரிமைச் சட்டம் கூடுதலாகச் சில நிபந்தனைகளை வைக்கிறது. விண்ணப்பிக்கும் முன் கடைசிப் பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். சுவாஹிலியோ இங்குள்ள வேறொரு மொழியோ பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். நாட்டைப் பற்றியும் குடிமக்களின் உரிமை, கடமை பற்றியும் போதுமான அறிவு வேண்டும். மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்ற குற்றம் இருக்கக்கூடாது, திவாலானவராக இருக்கக்கூடாது. இவற்றோடு, நாட்டின் முன்னேற்றத்துக்கு நீங்கள் குறிப்பிடத்தக்க பங்களிப்பு செய்திருக்கிறீர்கள் அல்லது செய்யக்கூடியவர் என்று காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரையும் யோசிக்க வைக்கும். ஒழுங்காகக் கட்டிய வரி, பயிற்சி கொடுத்து மேலே கொண்டுவந்த கென்ய ஊழியர்கள், வேலை கொடுத்த எண்ணிக்கை என்று காகிதத்தில் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

உண்மையான கஷ்டம் ‘தொடர்ந்து’, ‘சட்டப்படி’ என்ற இரண்டு நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

சம்பளத்துக்கு வருபவர்களுக்கு டி வகுப்பு பெர்மிட் எனும் வேலை அனுமதி. அது உங்கள் பெயரில் இருந்தாலும் முதலாளியோடு கட்டிப்போட்டது. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும், உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு கென்யரை நியமிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான் தருவார்கள். நிறுவனம் மாறினால் பெர்மிட்டும் புதிதாக எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் என்றால் ஜி வகுப்பு, அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் அமெரிக்க டாலர் மூலதனம் காட்ட வேண்டும்.

இப்போது எங்கள் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வரியில்லாமல் ஆடை அனுப்ப வழி செய்த ஆகோவா சட்டம் 2000இல் வந்தது. ஆதி ரிவர் தொழிற்சாலைகளில் பாதி உயிர் அதில்தான். அந்தச் சட்டத்தின் காலம் முடியப்போகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் ஆர்டர் குறையும், ஆட்குறைப்பு வரும், நிறுவனம் கைமாறும். நான் முதலில் சேர்ந்த நிறுவனம் அப்படித்தான் கைமாறியது. புதிய முதலாளி புதிய பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தார், அது வரும்வரை ஸ்பெஷல் பாஸ் எனும் தற்காலிக அனுமதியில் ஓட்டினோம். அதற்குப் பல வருடம் கழித்து நிரந்தர வதிவிடத்துக்குக் கோப்பு கொடுத்தபோது, அந்த இடைவெளியில் நான் எந்த அனுமதியில் இருந்தேன் என்ற கேள்விதான் முதலில் வந்தது. ரசீதும் பழைய பாஸ்போர்ட்டில் முத்திரையும் இருந்ததால் தப்பித்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் அவை இல்லை. அவர் கணக்கை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நல்ல மனிதர், ஒரு நாள்கூட வரி பாக்கி வைக்காதவர். காகிதம் இல்லாவிட்டால் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

அதனால் காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பெர்மிட்டின் நகல், கட்டிய ரசீது, ஏலியன் கார்டு எனும் வெளிநாட்டவர் அடையாள அட்டை, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி ஆண்டுதோறும் நிறுவனம் தரும் பி9 படிவம், ஜூன் 30க்குள் போடும் வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் மனிதவளத் துறை பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் பெர்மிட் நடப்பில் இருந்தால் போதும், பழைய கதை தேவையில்லை.

அடுத்தது உங்கள் மனைவி. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். துணையாக வருபவருக்கு டிபென்டென்ட் பாஸ் கொடுப்பார்கள். அதில் வசிக்கலாம், வேலை பார்க்கக்கூடாது. என் மனைவி ஊரில் கணித ஆசிரியை. இங்கே ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அவளுக்கென்று தனியாக பெர்மிட் எடுக்க வேண்டும், கென்யாவில் கணித ஆசிரியர் கிடைக்கவில்லை என்று பள்ளி காட்ட வேண்டும். பயிற்சி முடித்த ஆசிரியர்கள் இங்கே வேலைக்குக் காத்திருக்கும்போது அப்படிக் காட்ட முடியாது. அது நியாயமும்கூட. நியாயம் என்று தெரிந்தாலும், படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டில் இருப்பவருக்கு வலி குறையாது. அவள் அந்த வருடங்களைக் கடந்தது நான் பட்ட எல்லாச் சிரமத்தையும்விடப் பெரியது. கிளம்பும் முன் இருவரும் உட்கார்ந்து இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சம்பளத்தைக் கணக்குப் போடும்போது அவருடைய சம்பளம் நிற்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம் குழந்தைகள். இங்கே பிறந்தால் கென்யக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அப்பா அல்லது அம்மா கென்யக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. எங்கள் இரண்டாவது பையன் நைரோபியில் பிறந்தவன், இந்தியக் குடிமகன்தான். அப்படிப் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் அதற்குத் தனி அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும். பிரசவக் களைப்பில் இது தள்ளிப்போகும், தள்ளாதீர்கள்.

கானாவில் எளிதாகக் கொடுக்கிறார்களாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். கானா 2019ஐத் ‘திரும்பி வரும் ஆண்டு’ என்று அறிவித்து, அந்த நவம்பரில் 126 பேருக்கும், 2024 நவம்பரில் 524 பேருக்கும் குடியுரிமை கொடுத்தது. அவர்கள் அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கருப்பின மக்கள். அந்தக் கதவு அவர்களுக்காகத் திறந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். நமக்கு அது வழியில்லை.

கென்யாவில் நம்மைப் போன்ற முகங்களுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 1896இல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வேலையில் இறந்தார்கள். சில ஆயிரம் பேர் தங்கிவிட்டார்கள், பின்னால் குஜராத்தி, பஞ்சாபி வணிகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1963இல் விடுதலை கிடைத்தபோது குடியுரிமைக்குப் பதிவு செய்ய இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டார்கள். 1967இல் குடிமகன் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதியும் வணிக உரிமமும் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் லண்டனுக்கு விமானம் ஏற, 1968இல் பிரிட்டன் அவசரச் சட்டம் போட்டு அந்த வழியையும் குறுக்கியது. பக்கத்து உகாண்டாவில் 1972இல் இடி அமீன் ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னார். நைரோபியின் பார்க்லண்ட்ஸ் பகுதியில் முதிய குஜராத்திகளிடம் பேசினால் இன்னும் அந்த நாட்களைச் சொல்வார்கள். 2017இல் ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44ஆவது இனக்குழுவாக அரசு அங்கீகரித்தது. அது தலைமுறைகளாக இங்கே வாழும் குடிமக்களுக்கான மரியாதை. நேற்று வந்தவர்களுக்குக் குறுக்கு வழி அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொசாம்பிக்கிலிருந்து சைசல் எனும் நார்ப்பயிர், கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த மகொண்டே மக்கள் பல பத்தாண்டுகள் நாடற்றவர்களாக இருந்தார்கள். 2016இல் கடற்கரைப் பக்கத்துக் குவாலேயிலிருந்து நைரோபிக்கு நடந்தே வந்து கேட்ட பிறகுதான் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அறுபதுகளில் தேவாலயப் பணிக்காக ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஷோனா மக்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் 2021 வரை காத்திருந்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை எழுதுவதும் வங்கிக் கணக்கு தொடங்குவதும் என்ன பாடு என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கையில் ஒரு பாஸ்போர்ட் இருந்துகொண்டு இரண்டாவதைக் கேட்கும் நாம், கோப்பு தாமதமாகிறது என்று கோபப்படும்போது அவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நம் பக்கத்துப் பெரிய கேள்வி இந்தியா. கென்யா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. கென்யக் குடியுரிமை பெற்ற நொடியே, 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஒப்படைக்காமல் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். பிறகு, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை எடுக்கலாம். ஊருக்கு விசா இல்லாமல் வந்துபோகலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வருவது வேறு, அது தடையில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு நிலைமை வேறு, அங்கே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

இதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, நிரந்தர வதிவிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று. ஏழு வருடம் வேலை பெர்மிட் வைத்திருந்து, கடைசி மூன்று வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் முதலாளியின் பிடி விட்டுவிடும், எந்த வேலையும் பார்க்கலாம். இந்திய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கும். நிலம் விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு தொடரும். குடிமகன் அல்லாதவர் 99 வருடத்துக்கு மிகாத குத்தகையில்தான் நிலம் வைத்துக்கொள்ளலாம், விவசாய நிலம் கிட்டத்தட்ட முடியாது.

அப்படியென்றால் நான் ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்? 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்து இங்கே இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். என்னிடம் வேலை கற்ற பெண்கள் சிலரும் போனார்கள். உயிர்கள் போயின, மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்த மசோதாவின் வரிகள் என் சம்பளத்தையும் என் வீட்டுச் செலவையும் தொட்டவைதான். ஆனால் எனக்கு அதில் பேச இடமில்லை, பெர்மிட்டில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் பிள்ளைகள் வளரும் ஊரில் என்ன நடக்க வேண்டும் என்பதில் ஒரு ஓட்டாவது எனக்கு வேண்டும் என்று அப்போது தோன்றியது. மனைவி இந்தியக் குடியுரிமையை விடுவதாக இல்லை. அவள் முடிவை நான் மதிக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட்டாக இருக்கப்போகிறோம்.

விண்ணப்பித்தாலும், பதிவால் வரும் குடியுரிமை பிறப்பால் வருவதைப் போல அசைக்க முடியாதது அல்ல. பொய்த் தகவல் கொடுத்தோ உண்மையை மறைத்தோ வாங்கியது தெரிந்தால் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவில் பறிக்கலாம். பதிவான ஐந்து வருடத்துக்குள் ஏதாவது குற்றத்துக்கு மூன்று வருடம் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தாலும் பறிக்கலாம். “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, ஐந்து வருடத்திலேயே முடித்துத் தருகிறேன்” என்று வரும் ஏஜென்ட்டுகளிடம் காசு கொடுப்பவர்கள் இந்த ஆபத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். தகுதியுள்ள வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்ப்பது அதைவிட மலிவு.

சுவாஹிலி பயப்படும் அளவு இல்லை. தையல் லைனில் நின்றே நான் பேசக் கற்றுக்கொண்டேன். நைரோபிப் பிள்ளைகள் பேசும் கலப்பு பாஷை அதிகாரிகள் முன் உதவாது என்பதால், பிற்பாடு ஒரு ஆசிரியரிடம் முறையாகவும் படித்தேன். வந்த முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு மூன்று பேரும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை ஒன்பது மாதத்துக்குள் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

உங்கள் வேலை உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கையெழுத்துப் போடும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். பெர்மிட்டுக்கும் புதுப்பிப்புக்கும், குடும்பத்தின் பாஸுக்கும் ஆகும் செலவு நிறுவனத்தினுடையது என்பது ஒன்று. காலாவதியாவதற்கு எத்தனை மாதம் முன்பு புதுப்பிக்க விண்ணப்பிப்பார்கள் என்பது இன்னொன்று. எல்லா ஆவணங்களின் நகலும் உங்களுக்குத் தரப்படும் என்பது மூன்றாவது. இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனம் என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் குடும்பத்தை உடனே கூட்டிவர வேண்டாம்.