லேப்டாப்போடு மலை இறங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் கோத்தகிரிக்காரன். பெங்களூர் கம்பெனி வேலையை விடாமலேயே ஒரு வருடம் மலேசியாவின் பினாங்கிலும், அப்புறம் ஐந்து மாதம் தாய்லாந்தின் சியாங் மாயிலும் இருந்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள்கூட "எப்படிப் போனே?" என்று கேட்பதால், வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

குன்னூர் டிசைனர்: அண்ணா, டூரிஸ்ட் விசாவில் போய் ரூமுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும்?

தெரியாமல் போகலாம். ஆனால் இமிகிரேஷன் கவுண்டரில் "எதற்கு வந்தாய், எத்தனை நாள்?" என்று கேட்டால் பொய்தான் சொல்ல வேண்டும். இதற்கென்றே விசா இருக்கும்போது அந்தப் பயம் எதற்கு? மலேசியா 2022இல் 'டிஇ ரந்தாவ்' பாஸ் கொண்டுவந்தது. (பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவதை மலாயில் 'மெரந்தாவ்' என்பார்கள். பொருத்தமான பெயர்தான்.) ஐடி, டிஜிட்டல் வேலைக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் இருக்க வேண்டும், மற்ற தொழில்களுக்கு 60,000. மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை தருவார்கள்.

இதே மாதிரி தாய்லாந்தின் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) 2024இல் வந்தது. ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். ஆனால் வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். இதில்தான் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள்.

ஊட்டி: கம்பெனிக்குச் சொல்லாமல் போகலாமா?

கூடாது. விசாவுக்கே கம்பெனி கடிதம் கேட்பார்கள்.

கூடலூர்: எனக்கு போர்ச்சுகல் ஆசை. நேர வித்தியாசம் சமாளிக்க முடியுமா?

உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெங்களூரில் காலை 10 மணி மீட்டிங் என்றால், லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை 4.30. கோடையில் 5.30. ஒரு வாரம் ஜாலியாக இருக்கும், ஒரு மாதத்தில் ஆளை முடித்துவிடும். பினாங்கில் அதே மீட்டிங் மதியம் 12.30க்கு. காலை முழுக்க என்னுடையது. நடந்து போய், சாப்பிட்டு, துணி துவைத்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன். ஊரின் அழகைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள் என்பேன்.

ஊட்டியிலிருந்து ஒரு அம்மா: பையன் தாய்லாந்து போகிறேன் என்கிறான். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

அம்மா, சைவம் என்றால் முதலில் பினாங்குக்கு அனுப்புங்கள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி இட்லி, தோசை வாங்கலாம். டீ மட்டும் நமக்குச் சரிவராது. 'தே தாரிக்' என்று கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஆற்றித் தருவார்கள், பாயசம் மாதிரி இருக்கும். நான் இரண்டு கிலோ நம்ம ஊர் டீத்தூள் கொண்டுபோனேன். சியாங் மாய் போவதானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம். வயலையும் காட்டையும் எரிக்கிற புகை ஊர் முழுக்க நிற்கும். நீலகிரிக் காற்றில் வளர்ந்த மூக்குக்கு அது தாங்காது. நான் ஜனவரி கடைசியிலேயே கிளம்பிவிட்டேன்.

அரவேணு: ஓடிபி பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

என் கதையைக் கேளுங்கள். வங்கி சிம்மை அப்பாவின் பட்டன் போனில் போட்டுவிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் வாசல் படிக்கட்டில் மட்டும்தான் டவர் எடுக்கும். நான் பினாங்கிலிருந்து வீட்டு வைஃபை போனில் கூப்பிடுவேன். அப்பா ஸ்வெட்டர் மாட்டி, கண்ணாடி தேடி, படிக்கட்டுக்குப் போய், "நாலு... ஏழு... இது ஒண்ணா, ஏழா?" என்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று தடவை தவறியதும் வங்கி கணக்கையே முடக்கிவிட்டது. வாடகை கட்ட நண்பனிடம் கடன் வாங்கினேன். சிம்மை உங்களோடு எடுத்துப் போங்கள், ரோமிங் போடுங்கள், ரீசார்ஜ் விடாமல் செய்யுங்கள். இன்னொரு வங்கியில் இன்னொரு கார்டும் இருக்கட்டும்.

கோத்தகிரி: ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்து போவேன். வரிக்கு நாள் கணக்கு உண்டா?

உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் இங்கே குடியிருப்பவர் கணக்குதான். அதற்குக் குறைந்தாலும் வேறு நிபந்தனைகள் இருக்கின்றன. இந்தியக் கம்பெனி சம்பளம் இங்குள்ள கணக்கில் விழுந்தால் எங்கே இருந்தாலும் இங்கே வரி உண்டு. தாய்லாந்திலும் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் தங்கினால் வரிக் கணக்குக்குள் வருவீர்கள். பாஸ்போர்ட் முத்திரைகளைப் போட்டோ எடுத்து வைத்து, கிளம்பும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கொடைக்கானல்: அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுமா?

வெளியே தேவையே இல்லை, வேர்த்துக் கொட்டும். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் ஏசியை 18இல் வைத்திருந்தார்கள். ஒன்று போதும். அப்புறம், மலேசியாவில் பிளக் சதுரமான மூன்று முள், நம் சார்ஜர் நுழையாது. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.