அம்மா நீட்டிய மாரி பிஸ்கட்

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வயது 36. மெதடிஸ்த குடும்பம். பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. எத்தனை நிமிடம் ஜெபித்தேன், எத்தனை அதிகாரம் வாசித்தேன், என்றைக்கு உபவாசம், எல்லாம் அதில் இருக்கும். இது மூன்றாவது கொப்பி.

போன வருடம் அம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. 21 நாள் உபவாசம் இருப்பதாகக் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்தேன். பதினேழாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி வாட்டில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். தனக்கு வைத்திருந்த மாரி பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து, "தின்னு புள்ள, முகமெல்லாம் வாடிக்கிடக்கு" என்று அம்மா நீட்டினா. கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாங்கித் தின்றுவிட்டேன். அதிலிருந்து ஆறாம் நாள் அம்மா போயிட்டா.

அன்றிலிருந்து ஜெபத்தில் ஒரு சொல் தடுமாறினாலும் முதலில் இருந்து தொடங்குகிறேன். இரவில் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். பாதியில் விட்டால் மகனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடிக்கும். போதகரிடம் நாலைந்து தரம் கேட்டுவிட்டேன். "கிருபையை நம்புங்கள்" என்கிறார். அக்கா, இப்போது அதையும் கொப்பியில் எழுதுகிறேன். இன்றைக்கு எவ்வளவு நம்பினேன், பத்துக்கு எத்தனை என்று. மூன்றைத் தாண்டுவதில்லை.

கல்லடியிலிருந்து ஒரு சகோதரி

அன்புள்ள தங்கச்சி,

கடைசி வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். உங்களைப் பார்த்தல்ல. உங்கள் சபையின் தகப்பனே இதைச் செய்திருக்கிறார். ஒக்ஸ்போர்ட் காலத்தில் ஜோன் வெஸ்லி புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார், நாட்குறிப்பில் மணிக்கு மணி தன் பக்திக்குத் தானே புள்ளி போட்டார். 1728இல் குருப்பட்டம் பெற்ற அவருக்கு, கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன் என்ற நிம்மதி 1738 மே 24 இரவுதான் கிடைத்தது. லண்டன் அல்டர்ஸ்கேட் தெருவில் ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இவர் சும்மா இருந்து கேட்டார், அவ்வளவுதான். (அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தேகம் வந்தது. பிரசங்கங்களில் அதை அதிகம் சொல்வதில்லை.)

உங்கள் ஜெபம் லீசிங் கட்டுவது போல ஆகிவிட்டது. ஒரு தவணை பிந்தினால் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் பயந்து கட்டுகிறவருக்கு லீசிங்காரர்மேல் பாசம் வருமா?

அம்மாவின் உயிரை எடுத்தது பிஸ்கட் அல்ல. சீனி வருத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களை வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். நீங்கள் பொருத்தனை செய்வதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கியிருக்கும்.

அந்த மத்தியானத்தை இன்னொரு தரம் பாருங்கள். உபவாசத்தில் இது எத்தனையாம் நாள் என்று அம்மா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தா. தன் பங்கில் இருந்து எடுத்து நீட்டினா. நீங்கள் வாங்கித் தின்றீர்கள். போதகர் சொல்லும் கிருபை உங்கள் கைக்கே வந்த ஒரு மத்தியானம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்களோ அதைக் குற்றக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கெட்ட குமாரன் கதையை ஞாயிறு பாடசாலையில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! சொத்தை அழித்துத் திரும்பிவந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததில் கோபித்துக்கொண்ட மூத்தவனும் கணக்கு வைத்திருந்தவன்தான்: இத்தனை வருடம் உழைத்தேன், ஒரு கட்டளையும் மீறவில்லை என்று. அவன் உள்ளே வராமல் நின்றபோது தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வந்தார். அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

சரி, இனி என் தொழில் சார்ந்த பேச்சு. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் திரும்பத் திரும்பத் தொடங்குவது, விட்டால் ஆபத்து வரும் என்ற பயம், ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போவது, இவை ஓ.சி.டி.யின், அதாவது வேண்டாத எண்ணமும் அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வதுமாக ஆளைப் பிடித்துவைக்கும் மனநோயின், அடையாளங்கள். அது பக்தியின் உடுப்பிலும் வரும். விசுவாசக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். போக முதல் பேசவேண்டும் போல இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

அதுவரைக்கும், இரவு ஜெபத்தில் சொல் தடுமாறினால் தடுமாறினபடியே முடித்துவிட்டுப் படுங்கள். நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அது மெல்ல மெல்லத் தானாக இறங்கும், முதல் சில இரவுகள் கஷ்டம்தான். போதகரிடம் ஆறுதல் கேட்டுப் போவதையும் குறையுங்கள். அந்த ஆறுதல் அரைநாள் நிற்கும், அப்புறம் பழையபடி. கொப்பியை எரிக்க வேண்டாம், எரிப்பதையும் ஒரு பொருத்தனையாக்கிவிடுவீர்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

இந்தக் கணக்குகளுக்கு நடுவில் அம்மாவுக்காக அழ நேரம் கிடைத்ததா? அடுத்த கடிதத்தில் அவவைப் பற்றி எழுதுங்கள். கடைசி ஆறு நாளை விடுங்கள். நல்லாயிருந்த காலத்தில் என்ன சமைப்பா, யாரோடு சண்டை பிடிப்பா, அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா