திறந்து விட்ட குழியும் ஆணையருக்கு எழுதப்போகும் கடிதமும்

கேள்வி: நான் ஒரு நகராட்சியில் பணி ஆய்வாளர். 19 வருட சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் 3 வருடம் இருக்கிறது. என் பொறுப்பில் 6 சாலைப் பணியாளர்கள். போன மாதம் பேட்ச் ஒர்க்குக்காகக் காலையில் 3 இடங்களில் தார் ரோட்டைச் சதுரமாக வெட்டினோம். மதியம் வர வேண்டிய தார்க்கலவை வண்டி வரவே இல்லை. இரண்டு குழிகளைக் கப்பி போட்டு அடைத்துவிட்டோம். மூன்றாவதில் வேப்பங்கொம்பை நட்டு, காலித் தார் டிரம் ஒன்றை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பினோம். இரவு 11 மணிக்கு பைக்கில் வந்த 24 வயதுப் பையன் அதில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அப்போது கொம்பும் இல்லை, டிரம்மும் இல்லை. எஃப்.ஐ.ஆரில் என் பெயர் இருக்கிறது. கோன், பேரிகேட் கேட்டுப் பல தடவை சொல்லியும் தரவில்லை. உதவிப் பொறியாளர் என்னை மாட்டிவிடுகிறார். பையன் குடித்திருந்ததாகவும் சொல்கிறார்கள். ஆணையர் 7 நாளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார். நடந்ததை எல்லாம் விவரமாக எழுதிக் கொடுத்துவிடலாமா? பையன் வீட்டில் 2 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் உதவிப் பொறியாளரைப் பற்றியது. அதை ஓரமாக வையுங்கள். அவருக்கு உங்களைப் பிடிக்காது என்பதும், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்பதும் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. பையன் குடித்திருந்தான் என்பது விபத்துப் பதிவேட்டிலோ ரத்தப் பரிசோதனையிலோ இருந்தால் நஷ்டஈட்டுத் தொகையைக் குறைக்க உதவும். அதற்காகக் குற்ற வழக்கிலிருந்து உங்களை விட்டுவிட மாட்டார்கள்.

உங்கள் வழக்கு நிற்பது ஒரே கேள்வியில்தான். அந்தக் குழியை ராத்திரி முழுக்கத் திறந்தபடி விடலாம் என்று முடிவெடுத்தது யார், அதற்கு அன்றைக்கே உண்டான ஆதாரம் என்ன?

அந்த ஆதாரம் உங்களிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாலை 5.40க்கு உங்கள் பணியாளர் ஜிபிஎஸ் கேமராவில் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம்: குழிக்குள் வேப்பங்கொம்பு, பக்கத்தில் டிரம், கீழே தேதி, நேரம், தெருப் பெயர். அப்புறம் 6.12க்கு நீங்கள் உதவிப் பொறியாளருக்கு அனுப்பிய செய்தி: "சார் கலவை வண்டி வரல, மூணாவது குழி ஓப்பனா இருக்கு, என்ன செய்ய". 6.30க்கு அவர் பதில்: "காலைல பாத்துக்கலாம்". உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு படமும் இரண்டு வரியும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மேல் போட்டிருப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி), அதாவது அஜாக்கிரதையால் கொடுங்காயம், 3 வருடம் வரை தண்டனை. கூடவே பொது வழியில் இடையூறு என்று 285. இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள், கைது பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 125 நிரூபணமாக, காயத்துக்கு உங்கள் செயலே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். குர்பான் ஹுசைன் வழக்கில் 1965லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: தொழிற்சாலையில் விதிமீறல் இருந்தது, தீப்பிடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள், ஆனாலும் உரிமம் மீறியது மட்டும் போதாது, மரணத்துக்கு உடனடிக் காரணம் யாருடைய செயல் என்று பார்க்க வேண்டும் என்றது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், குற்றவியல் அஜாக்கிரதை என்றால் அது மிக மோசமான அளவில் இருக்க வேண்டும் என்றது. அது டாக்டர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றாலும் வாதத்துக்கு நாங்கள் எடுத்துக் காட்டுவது உண்டு. கொம்பு நட்டு, டிரம் வைத்து, மேலே கேட்டுவிட்டு, காலையில் பார்க்கலாம் என்ற பதிலும் வாங்கிக்கொண்டு போன ஆளையும், குழியை வெட்டிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போன ஆளையும் கோர்ட் ஒன்றாகப் பார்க்காது.

கொம்பு போதுமா என்றால், போதாது. வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டியே இருக்கிறது, அதில் அறிவிப்புப் பலகை, கோன், ராத்திரியில் வெளிச்சம் பட்டால் மின்னும் தடுப்பு எல்லாம் உண்டு. அரசு வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களைக் கேள்வி கேட்பார். அதனால் முழுசாக ஜெயித்துவிடலாம் என்று நான் நம்பிக்கை தரவில்லை.

அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், குழுவை விட்டு வெளியேறாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63ன் கீழ் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு வரை கேட்கிறார்கள், மூலம் கையில் இருந்தால்தான் அது சுலபம். படத்தை எடுத்த பணியாளரின் போனுக்கும் இதே கதைதான், அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

அரசு அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த முடியாது என்று சங்கத்தில் சொன்னார்களாம். அந்தப் பாதுகாப்பு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ம் பிரிவில் இருக்கிறது, ஆனால் அது அரசு மட்டுமே பணிநீக்கம் செய்யக்கூடிய அதிகாரிகளுக்கு. உங்களை வேலையிலிருந்து எடுக்கும் அதிகாரம் ஆணையருக்கே இருந்தால் அந்தக் குடை உங்களுக்குக் கிடையாது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது விளக்கக் கடிதம். எனக்கு நிஜமாகவே கவலை தருவது இதுதான், வழக்கு அல்ல.

"எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்துவிடலாமா" என்கிறீர்கள். எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தே தெரிகிறது: "8 முறை கேட்டும் கோன் தரவில்லை, பாதுகாப்பு இல்லாமல்தான் வேலை வாங்கினார்கள்." உங்களுக்கு இது நியாயம் கேட்கிற வாக்கியம். அரசு வக்கீல் படிக்கும்போது இது ஒப்புதல் வாக்குமூலம். கோன் இல்லை, பேரிகேட் இல்லை, ஆபத்து என்று தெரியும், தெரிந்தும் காலையில் 3 குழி வெட்ட உத்தரவு போட்டது நீங்கள்தானே என்று கேட்டால் என்ன பதில்? மறந்துபோய் விட்டது வேறு, தெரிந்தே விட்டது வேறு. நீங்களே உங்கள் கையெழுத்தில் முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

போலீசிடம் சொல்லும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆணையர் போலீஸ் இல்லை. அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை விசாரணை அதிகாரி ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார், குற்றப்பத்திரிகையோடு அது ஆவணமாக வந்து நிற்கும். நான் நடத்திய வழக்குகளில் சாட்சிகள் எல்லாம் பிறழ்சாட்சியான பிறகும் அந்த ஒற்றைக் கடிதம் ஆளை இழுத்துப் போட்டது உண்டு. நேர்மையான மனிதர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது, இருந்தாலும் எழுதாதீர்கள்.

அதற்காக மெமோவுக்குப் பதிலே தராமல் இருக்கவும் கூடாது, பதில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டமாக 17(பி), அதாவது கடும் தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு, வந்துவிடும். அரைப் பக்கம் போதும். குற்றச்சாட்டை மறுக்கிறேன், இதே சம்பவத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் விரிவான விளக்கம் என் எதிர்வாதத்தைப் பாதிக்கும், மஸ்டர் ரோல் (பணியாளர் வருகைப் பதிவேடு), கலவை வண்டி தொடர்பான ஆவணங்கள், அன்றைய வேலை உத்தரவு ஆகியவற்றின் நகல் வேண்டும், கிடைத்த பிறகு விளக்கம் தருகிறேன். இவ்வளவுதான். கோன் கேட்டு நீங்கள் முன்பு எழுதிய கடிதங்கள் தபால் பதிவேட்டில் ஏறியிருந்தால் நகலை எடுத்து வக்கீலிடம் கொடுத்து வையுங்கள், அதை எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். துறை விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லி, 1999ன் பால் அந்தோணி தீர்ப்பைக் காட்டி மனு போடலாம், கிடைத்தாலும் கிடைக்கும். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் போய் வாருங்கள், எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், சட்டப்படி அதற்குக் கையெழுத்து தேவையும் இல்லை.

இதைவிட மோசமான இன்னொன்று. உதவிப் பொறியாளர் உங்களைக் கூப்பிட்டு, "வேலைப் பதிவேட்டில் ரிப்ளெக்டர் தடுப்பு வைத்ததாக ஒரு வரி எழுதிவிடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு பேரும் தப்பிக்கலாம்" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டீர்களா இல்லையா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. எழுதவில்லை என்றால் தொடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பேரூராட்சியில் இருந்து என்னிடம் வந்தவர் இதைத்தான் செய்தார். விபத்து நடந்த மறுநாள், இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில், "சிவப்பு விளக்குடன் தடுப்பு அமைக்கப்பட்டது" என்று பொடி எழுத்தில் சேர்த்து, கீழே ஒரு பணியாளரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டார். மஸ்டர் ரோலை எடுத்துப் பார்த்தால் அந்தப் பணியாளர் அன்று லீவு. விபத்து வழக்கில் அவருக்கு விடுதலை கிடைத்தது, பதிவேட்டில் எழுதிய அந்த வரிக்காக வேலை போனது. யாரையாவது தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் பொய்ப் பதிவு எழுதுவது தனிக் குற்றம், நியாய சன்ஹிதாவின் பிரிவு 256, அதற்கும் 3 வருடம் வரை. அஜாக்கிரதை என்றால் கோர்ட்டும் துறையும் கொஞ்சம் இரக்கம் காட்டும், பொய்ப் பதிவுக்குக் காட்டாது. உங்கள் 5.40 படத்தில் ரிப்ளெக்டர் இல்லை என்பது குழுவில் உள்ள எல்லார் போனிலும் இருக்கிறது. அந்த வரியை எழுதினால் உங்களைக் காப்பாற்றும் படமே உங்களைப் பிடித்துக் கொடுக்கும்.

சரி, 2 லட்சம். கொடுப்பதா வேண்டாமா என்றால், சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். 24 வயதில் தொடையில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறான், முதல் 48 மணி நேரச் செலவை அரசுத் திட்டம் பார்த்துக்கொண்டது என்றால் மீதியை அந்தக் குடும்பம்தான் பார்க்கிறது. அவர்கள் உங்கள் எதிரி இல்லை. நல்லவேளையாக 125(பி) காயம்பட்டவர் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமாதானமாகத் தீர்க்கக்கூடிய பிரிவு. உயிர் போயிருந்தால் 106(1), 5 வருடம் வரை, அதற்கு இந்த வழியே கிடையாது. ஓய்வுக்கு 3 வருடம் இருக்கும்போது வழக்கும் 17(பி)யும் நிலுவையில் இருந்தால் பணிக்கொடையை நிறுத்தி வைப்பார்கள். ஜெயிக்கக்கூடிய வழக்கை 6 வருடம் நடத்தி ஜெயிப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை.

ஆனால் கொடுக்கும் விதம் முக்கியம். மேஸ்திரி கையில் 40,000 ரூபாய் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். ரசீது இருக்காது, பிறகு பேச்சு முறிந்தால் "தப்பு என்னுடையது என்று சொல்லிப் பணம் கொடுத்தார்" என்று அதே குடும்பம் சாட்சி சொல்லும். இரண்டு பக்க வக்கீலும் உட்கார்ந்து பேசி, பணம் வங்கி வழியாகப் போய், மக்கள் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்தில் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுவிலோ பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் தவறை ஒப்புக்கொள்ளும் வார்த்தை ஒன்றுகூட வரக்கூடாது.

முக்கியமாக நகராட்சியை அதில் சேருங்கள். உங்களோடு மட்டும் சமாதானம் செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்து நகராட்சி மேல் 10 லட்சம் கேட்டு அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பொது இடத்தைப் பராமரிக்காததற்கு நகராட்சிதான் பொறுப்பு என்பது டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில் 1966லேயே தீர்ந்துபோன சங்கதி. நகராட்சி கட்டிவிட்டு, உங்கள் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு போடும். அப்படி இரண்டு தடவை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 198ஏ பிரிவில், சாலைப் பராமரிப்புத் தரத்தை மீறி மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கு 1 லட்சம் வரை அபராதம் உண்டு, அதனால் பேச்சுவார்த்தைக்கு வர ஆணையருக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் வக்கீல் அதை எழுத்தில் நினைவுபடுத்தட்டும்.

மெமோ வந்து 4 நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். மூன்று நாளுக்குள் அந்த அரைப் பக்கத்தைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.