ஐடியா இருக்கிறது, காசாகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாத காலுறை தைக்கிறேன். முழங்கால் வரை வரும், மேலே நாடா வைத்து இறுக்கலாம். துணி, நூல், நாடா, பை எல்லாம் சேர்த்து 380 ரூபா. 800 ரூபாவுக்குக் கடையில் போட்டால் 420 ரூபா மிஞ்சும்தானே?
– மஸ்கெலியா வாசகி

பதில்: மிஞ்சாது. உங்கள் கணக்கில் உங்கள் கூலியும் இல்லை, கடைக்காரர் பங்கும் இல்லை. ஒரு சோடிக்கு முக்கால் மணி நேரம் போகிறதென்று வைத்துக் கூலியாக 200 ரூபா சேருங்கள், 580. வெட்டும்போதும் தைக்கும்போதும் கெட்டுப்போவதற்கு 30, ஆக 610. கடைக்காரர் விற்கிற விலையில் நூற்றுக்கு 30 எடுத்தால், 800இல் உங்கள் கைக்கு வருவது 560. சோடிக்கு 50 ரூபா கையைக் கடிக்கும். விலை 1,200 என்றால் 840 வரும், 230 நிற்கும். இந்த எண்களெல்லாம் கணக்குக் காட்டத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 1,200 கொடுத்து வாங்க ஆளில்லை என்றால் தையல் நேரத்தையும் துணியையும் குறைக்க வேண்டுமே தவிர, கூலியை மறக்கக் கூடாது.

துணியில் மிச்சம் பிடிக்க இடமுண்டு. ஒரு காலுறைக்கு ‘ட’ மாதிரி இரண்டு துண்டுகள்: உயரம் 50 செ.மீ., கெண்டைக்கால் பகுதி அகலம் 24, பாதம் 32. 45 அங்குல அகலத் துணியில் எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் ஒரு மீற்றரில் ஆறு, அதாவது ஒன்றரைச் சோடி. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்துத் துண்டோடு பொருத்தினால் எட்டு, இரண்டு சோடி. துணியை முதலில் நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். சுருங்குவதற்காக நாலைந்து செ.மீ. கூடுதலாக வாங்குங்கள்.

பொருள் திரும்பி வருவது பெரும்பாலும் இவற்றால்தான். பின்னல் துணி வேண்டாம்: குட்டி அட்டை நூல் மாதிரி, பின்னல் துளைக்குள் நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். தையல் ஓரம்தான் அடுத்த வழி. நல்ல பக்கம் வெளியே இருக்க ஒருமுறை தைத்து, ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி உள்ளே மறுபடி ஓட்டுங்கள். விரல் நுனித் தையல் பாதத்தின் மேற்புறம் வரட்டும். கீழே வந்தால் சப்பாத்துக்குள் உராய்ந்து கொப்புளம் போடும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், அட்டை ஏறுவது கண்ணில் படும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தது சீக்கிரம் காயும். மஸ்கெலியா மழையில் அது பெரிய விஷயம்.

எங்கே விற்பது? சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே வெசாக் போயா வரை. மலையடிவாரமான நல்லதண்ணியில் சனம் அலைமோதும். ஆனால் அவர்கள் படிக்கட்டில் ஏறுகிறவர்கள், அட்டை பெரிதாகக் கடிக்காது. கூட்டம் எல்லாம் வாடிக்கை ஆகாது. குருவிட்ட எரத்ன வழியாகக் காட்டுப் பாதையில் ஏறுகிறவர்கள், சிங்கராஜ வனத்துக்குப் போகிறவர்கள், அவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகள்தான் உங்கள் ஆட்கள். விற்ற பிறகு காசு என்று ஐந்து கடைக்குத் தலா பன்னிரண்டு சோடி கொடுத்தால், பொருட்செலவு மட்டுமே 22,800 ரூபா முடங்கும். முதலில் இரண்டு கடை போதும்.

கேள்வி: ஒரு கையால் இயக்கும் தேங்காய் துருவி செய்திருக்கிறேன். கண்காட்சியில் வைக்குமுன் பேட்டன்ட் (ஆக்கவுரிமை) எடுக்க வேண்டுமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: விண்ணப்பத்தையாவது முதலில் போடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க இங்கே இடமுண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடைக்காது. கண்காட்சிப் படம் ஒன்றே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அதற்கும் முன்னால் கூகுள் பேட்டன்ட்ஸில் இரண்டு இரவு தேடுங்கள், காசு கேட்காது. புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தொழில் தெரிந்தவர் எளிதில் யோசித்துவிடாத படி ஒன்று அதில் இருக்க வேண்டும். மரப்பிடியைப் பிளாஸ்டிக் ஆக்கியதற்கு ஆக்கவுரிமை கிடைக்காது. கிடைத்தால் 20 ஆண்டு, அதுவும் ஆண்டுக் கட்டணம் கட்டிவந்தால்தான். புதுமை உருவத்தில்தான் என்றால் கைத்தொழில் வடிவப் பதிவு போதும்: ஐந்தாண்டு, இரண்டு முறை புதுப்பிக்கலாம். எல்லாம் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில்.

எங்களைக் கேட்டால், துருவியை இருபது வீட்டில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். கொடுக்கும்போதே இரகசியம் காப்பதாக எழுத்தில் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கயிற்றில் வழுக்காத உடுப்புக் கிளிப் வரைந்திருக்கிறேன். பிளாஸ்டிக் அச்சுக்குக் கடன் எடுக்கலாமா?
– ஹட்டன் வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். அச்சுக்கு ஆறு இலட்சம் என்று வைத்தால், ஆயிரம் கிளிப்பில் ஒவ்வொன்றின் தலையிலும் 600 ரூபா; இருபதாயிரத்தில் 30 ரூபா. இருபதாயிரம் விற்க வழி தெரிந்த பிறகு அச்சு. அதுவரை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் (3D பிரின்டர்) சில எடுத்துச் சோதியுங்கள். அந்த இயந்திரத்தில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் சுற்றளவில் இளகிவிடும், அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில் மாட்டாதீர்கள். அது இளகினால் உங்கள் வடிவம் தவறென்று முடிவுகட்டவும் வேண்டாம். அச்சுக்குப் போகும்போது சுவர்த் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக, 2 மி.மீ. அளவில் இருக்கட்டும், தடித்த இடம் ஆறும்போது குழிவிழும். பக்கங்களுக்கு ஒன்று இரண்டு பாகை சாய்வு கொடுக்காவிட்டால் கிளிப் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பார்கோட் கட்டாயமா?
– தலவாக்கலை வாசகி

பதில்: நகரத்துக் கடைக்குத் தேவையில்லை. சுப்பர் மார்க்கெட் கேட்கும். 479 என்று தொடங்கும் எண்ணை, பார்கோட் எண் வழங்கும் அமைப்பான ஜி.எஸ்.1 லங்காவில் பதிந்து வாங்க வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லாவிட்டால் அதை முதலில் பிரதேச செயலகத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.